ஒரு பெயர், ஓர் ஆள்

அடைவு என்னும் சொல் நம் பதிப்பாசிரியர்களுக்கு நெடுநாள் பழக்கமானது. பழைய நூலொன்றை அச்சிடுவோர் அதன் இறுதியில் சொல்லடைவும் பொருளடைவும் சேர்ப்பர். அவை இல்லாத பதிப்பை ஆய்வாளர்கள் குறையுள்ள பதிப்பாகவே எண்ணுவர். கணினித் தமிழில் ஈடுபட்ட நண்பர்கள் டைரக்டரி என்பதற்கு இணையாக இச்சொல்லை எடுத்துக்கொண்டது மிகப் பொருத்தம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. ஐம்பது கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், எந்தெந்தக் கணினியும் அச்சுப்பொறியும் அங்கே உண்டு, எந்தக் கோப்புறையை யார் திறக்கலாம், யார் பார்க்கலாம் ஆனால் திருத்தக் கூடாது என்பனவற்றையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைத்து, ஒருவர் காலையில் வந்து கடவுச்சொல்லைத் தட்டும்போது அந்த ஏட்டைப் பார்த்தே அவரை உள்ளே விடுகிற ஏற்பாட்டுக்கு அடைவுச் சேவை என்று பெயர்.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பெயர்களைப் பற்றிய பேச்சு இலக்கிய வாசகருக்கு அந்நியமானதன்று என்பதே எங்கள் பதில். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து அலுவலகங்களில் இந்த ஏடு எழுதப்படும் முறையில் இரண்டு பிழைகள் இருப்பதாகக் கருதுகிறோம். ஒன்று பெயரை எழுதுவதில். மற்றது பெயரைக் கடன் கொடுப்பதில். இரண்டாவதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். ஆனால் முதலாவதைக் கடக்காமல் அங்கே போய்ச் சேர வழியில்லை.

நிகண்டுகளை நினைத்துக்கொள்வோம். சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளால் ஆனது. தெய்வப் பெயர்த் தொகுதியில் தொடங்கி, மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று நடந்து, பதினோராவதாக ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதிக்கு வருகிறது. ஒரு சொல் பல பொருளைக் குறிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படித் தெளிவது என்பது நிகண்டு ஆசிரியரின் கவலை. ஒரு பெயர் பல ஆட்களைக் குறிக்கும்போது எந்த ஆள் என்று எப்படித் தெளிவது என்பது அடைவு நிர்வாகியின் கவலை. கரிசல் காட்டுப் பக்கத்து அலுவலகம் எதிலும் மூன்று மாரியப்பன்களும் இரண்டு கருப்பசாமிகளும் நான்கு முத்துலட்சுமிகளும் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். திவாகரர் வந்து உட்கார்ந்தாலும் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்வார்.

இதைவிட நெருக்கமான முன்மாதிரி தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. பல ஊர்த் தளிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை இராசராசன் அங்கே கல்லில் வெட்டுவித்தான். பெயரை மட்டும் அவன் எழுதவில்லை. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அச்சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை உண்டு. ஆண்டுக்கு நூறு கலம் நெல் ஒரு பங்கு. ஒருவர் இறந்தால் அல்லது ஊரைவிட்டுப் போனால் அந்தப் பங்கு யாரைச் சேரும், தகுதியுள்ள உறவினர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விதி எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய அடைவுச் சேவையின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாகச் சொன்னால் மிகையாகாது. ஆள், ஆள் இருக்கும் கிளை, ஆளுக்குரிய பங்கு, ஆள் போனபின் பங்கின் கதி. (அந்த நானூறு பெண்கள் அவ்வூருக்கு மனமுவந்துதான் வந்தார்களா என்பது வேறு கேள்வி. ஏடுகள் அதைச் சொல்வதில்லை.)

கணினி உலகில் இந்த எண்ணம் 1988-ல் எக்ஸ்.500 என்ற பெயரில் பன்னாட்டுத் தரமாயிற்று. அது மிகக் கனமானதாக இருந்தபடியால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் முதலானோர் 1993-ல் அதன் எளிய வடிவத்தைச் செய்தனர். எல்டாப் என்று கணினிக்காரர்கள் சொல்வது அதைத்தான். அதே ஆண்டில் நாவெல் நிறுவனம் தன் வலையமைப்பில் அடைவைப் புகுத்தியது. 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000-உடன் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி வந்தது. பிறகு அலுவலகங்களில் அதுவே வழக்கமாயிற்று. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருள், 2012 டிசம்பரில் வெளிவந்த தன் நான்காம் பதிப்பில், அதே வேலையைக் காசில்லாமல் செய்யக் கற்றுக்கொண்டது. சிவகாசியின் அச்சகங்கள், நாட்காட்டி வெளியிடுவோர், பட்டாசு ஆலைகளின் நகர அலுவலகங்கள் ஆகியவற்றுக்குக் கணினி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இருபது கணினிகளைத் தாண்டிய இடங்களில் ஏதோ ஒரு வகை அடைவு இல்லாமல் காலம் தள்ளுவது கடினம்.

புதிய ஊழியர் ஒருவரை ஆக்டிவ் டைரக்டரியில் சேர்க்கும் திரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே மூன்று கட்டங்கள்: முதற்பெயர், முன்னெழுத்து, கடைப்பெயர். இந்த வரிசையே நமக்கு இடறுகிறது. நம் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் நிற்பது. அங்கே அது நடுவில் நிற்கிறது. பெ. மாரியப்பன் என்பவரை அந்தக் கட்டங்களில் நேர்மையாக நிரப்பினால், கணினி அவரை மாரியப்பன் பெ. என்று வாலைத் தலையாக்கி எழுதிவிடுகிறது. கடைப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட மைக்ரோசாஃப்டாவது இடம் கொடுக்கிறது. எல்டாப் தரமோ, ஆள் என்றால் அவனுக்குக் குடும்பப்பெயர் இருந்தே தீர வேண்டும் என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. அந்த இடம் வெறுமையானால் அந்த ஆளையே ஏற்க மறுக்கிறது. தரத்தை எழுதியவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்கள் பார்த்த உலகில் எல்லோருக்கும் குடும்பப்பெயர் இருந்தது.

நமக்கு ஏன் இல்லை என்பதற்கு வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. மூன்றாம் மாநாடு 1931-ல் விருதுநகரிலேயே கூடியது. பிறகு ஓரிரு தலைமுறைக்குள், கையொப்பத்திலும் பள்ளிப் பதிவேட்டிலும் வாக்காளர் பட்டியலிலும் அந்தப் பட்டம் பெருமளவு உதிர்ந்துபோயிற்று. அந்த இடத்தை நிரப்பியது தந்தை பெயரின் முதலெழுத்து. அது அடக்கமான அடையாளம். எவருடைய மகன், மகள் என்று ஓர் எழுத்தால் சுட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எந்தத் தெருவில் பிறந்தவர் என்று சொல்வதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் நாம் காலி செய்த இடத்தை, ஒரு மென்பொருளின் கட்டம் இன்று திரும்ப நிரப்பச் சொல்கிறது. அவசரத்தில் இருக்கும் நிர்வாகி ஊழியரிடம், “சர் நேம் ஏதாவது இருக்கா?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியின் எடை அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்கப்பட்டவருக்குத் தெரியும்.

விருதுபட்டியில் 1903-ல் பிறந்த ஒரு குழந்தைக்குக் குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டனர். தாய் ராஜா என்று அழைத்தார். இரண்டும் கலந்து காமராஜ் ஆயிற்று. தந்தை குமாரசாமி, ஆகவே கு. காமராஜ். பழைய செய்தித்தாள்களில் சாதிப் பட்டத்தோடும் அவர் பெயரைக் காணலாம். நாட்டுக்கு அவர் கு. காமராஜ் என்றே நிலைத்தார். இப்பெயரை அந்த மூன்று கட்டங்களில் எப்படி எழுதுவது? கடைப்பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை இட்டால், கணினி தானாக அனுப்பும் கடிதங்கள் அன்புள்ள திரு. குமாரசாமி என்று தொடங்கும். இப்படித் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டுக் காலம் தள்ளும் தமிழர்கள் உலகெங்கும் அலுவலகங்களில் உள்ளனர். திருமணமான பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. அங்கே தந்தையா கணவரா என்ற வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறோம். பெருமாள் மகன், பாண்டி மகன், பிச்சை மகன், பொன்னுச்சாமி மகன் என்று நான்கு மாரியப்பன்கள் இருப்பதாகக் கொள்வோம். தமிழில் அவர்கள் பெ. மாரியப்பன், பா. மாரியப்பன், பி. மாரியப்பன், பொ. மாரியப்பன். யாரும் யாரோடும் குழம்ப வழியில்லை. ஆங்கில எழுத்தில் நால்வருக்கும் ஒரே முன்னெழுத்து. உயிரை ஏற்ற தமிழ் எழுத்து காக்கும் வேறுபாட்டை உரோமன் எழுத்து தின்றுவிடுகிறது. பிறகு நிர்வாகி அவர்களை மாரியப்பன் 1, மாரியப்பன் 2 என்று சிறைக்கைதிகளைப் போல எண்ணிட்டுப் பிரிக்கிறார். ஆக்டிவ் டைரக்டரி யூனிகோடை ஏற்கும். காட்சிப் பெயரைத் தமிழிலேயே வைக்கத் தடையேதும் இல்லை. 2021-ல் தமிழக அரசு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டபோது அதைப் பலர் வெறும் மொழிப்பற்று என்று எண்ணினர். அடைவு நிர்வாகத்தின் கண்கொண்டு பார்த்தால் அது தரவுத் துல்லியம் பற்றிய ஆணையும்கூட.

எங்கள் கருத்து இதுதான். நுழைவுப் பெயர் எண்ணாகவோ ஆங்கில எழுத்திலோ இருந்துவிட்டுப் போகட்டும். காட்சிப் பெயர், அவரவர் கையொப்பமிடும் வடிவத்தில், முன்னெழுத்து முன்னால் நிற்க, தமிழில் இருக்க வேண்டும். கடைப்பெயர் கட்டாயம் என்று மென்பொருள் அடம்பிடித்தால், அவருடைய சொந்தப் பெயரையே அங்கும் இடலாம். சாதிப் பட்டத்தையோ, அவர் கேட்காமல் விரித்தெழுதிய தந்தை பெயரையோ அங்கே இடக் கூடாது. வருங்கால வைப்புநிதிக் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு வடிவம், சம்பளப் பதிவேட்டில் மூன்றாவது வடிவம் என்று இருப்பவர்கள், முன்னெழுத்தை விரிப்பதா வேண்டாமா என்ற ஒரே காரணத்தால் தம் சொந்தப் பணத்தை எடுக்க நடையாய் நடப்பதை இப்பக்கத்தில் எல்லோரும் அறிவர்.

இனி இரண்டாவது பிழை.

சிறிய அலுவலகங்களின் அடைவைத் திறந்து பார்த்தால் மாரியப்பன்களுக்கு நடுவே ஆபீஸ், பில்லிங், அட்மின் என்ற பெயர்களில் சில கணக்குகள் கண்ணில் படும். இவர்கள் யார்? யாருமில்லை, எல்லோரும்தான். தீபாவளி சீசனில் ஆர்டர்கள் குவியும்போது தற்காலிகமாக நான்கு பேரை எடுப்பார்கள். அவர்களுக்குத் தனித்தனியே கணக்குத் திறக்க யாருக்கும் நேரமில்லை. பில்லிங் என்ற பெயரின் கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். வேறு காரணமும் உண்டு. அடைவுச் சேவை ஆள் சரிபார்ப்புக்குக் கெர்பரோஸ் என்னும் முறையைக் கையாள்கிறது. அதன்படி பயனரின் கணினிக் கடிகாரமும் வழங்கியின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் உள்ளே விடாது. தென் மாவட்டங்களில் மின்வெட்டு பல மணி நேரம் நீடித்த 2012 போன்ற ஆண்டுகளில், பழைய கணினியின் சிறு மின்கலம் செத்துப்போனால், மின்சாரம் திரும்பும்போது அதன் கடிகாரம் எந்த ஆண்டையோ காட்டிக்கொண்டு நிற்கும். சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் கதவு திறக்காது. இப்படி இரண்டு முறை வேலை கெட்டால், எதற்கு வம்பு என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணக்கைத் திறந்துவிடுவார்கள். சோம்பலால் மட்டும் பிறந்த பழக்கம் அன்று இது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு நாள் ஒரு விலைப்பட்டியல் வெளியே போய்விடுகிறது, அல்லது ஒரு ரசீதின் தொகை மாறிக் கிடக்கிறது. யார் செய்தது என்று பதிவைத் திறந்து பார்த்தால், பில்லிங் செய்தது என்று அது சொல்லும். அந்தப் பெயரில் எழுவர் வேலை செய்கிறார்கள். பழி அந்த எழுவர் மீதும் சமமாக விழும் என்று நினைப்பவர்கள் நம் அலுவலகங்களை அறியாதவர்கள். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த, பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வரும், பரிந்து பேச ஆளில்லாத பெண்ணின் மீது அது விழும். பொதுக் கணக்கு வலியவரை மறைத்து எளியவரைக் காட்டிக்கொடுக்கிறது. தன் பெயரில் தனிக் கணக்கு இருப்பது அந்தப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு என்று முதலாளி நினைக்கிறார். உண்மையில் அது அவளுக்கிருக்கும் ஒரே சாட்சி.

இப்போது நகர அலுவலகத்தை விட்டு ஆலைக்கு வருவோம். பட்டாசு ஆலை என்பதே ஒருவகை அடைவு. உரிமத்தை டி.ஆர்.ஓ. உரிமம், சென்னை உரிமம், நாக்பூர் உரிமம் என்று படிப்படியாகப் பிரித்துச் சொல்வது இவ்வட்டார வழக்கு. எந்தப் படியில் இருக்கிறீர்களோ அதற்கேற்ப எதைச் செய்யலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பது மாறும். ஆலைக்குள்ளே ஒவ்வோர் அறையும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும். ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருந்து வேலை செய்யக் கூடாது என்பது இவ்வட்டாரத்தில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விதி. மருந்து கலக்கும் இடத்தில் இன்னும் குறைவு. யார், எங்கே, எந்த அளவுக்கு என்ற மூன்றையும் வரையறுப்பதுதான் அடைவின் வேலை என்றால், கோப்புகளுக்கு அதைக் கண்டுபிடிக்கும் முன்பே வெடிமருந்துக்கு அதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

உள்குத்தகை என்பது இந்த அடைவில் கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். ஆலையை நடத்துபவர் வேறொருவர். அவர் அறைகளைப் பிரித்து மேலும் சிலருக்கு விட்டிருப்பார். அறை அறையாக எடுத்தவருக்குத் தன் அறையில் ஒரு நாளைக்கு எவ்வளவு சரக்கு இறங்குகிறது என்பது மட்டுமே கணக்கு. நான்கு பேர் என்ற எல்லை மரத்தடிக்கும் தாழ்வாரத்துக்கும் பெருகி வழியும். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உரிமம் பெற்றவர் ஒருவர், உள்ளே தொழில் நடத்தியவர்கள் வேறு பலர் என்ற நிலை அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. இத்தகைய விபத்துச் செய்திகளில் முதலில் கைதானவராக நாம் படிப்பது பெரும்பாலும் போர்மேனை. விலைப்பட்டியல் கதையில் அந்தப் பெண் நின்ற இடத்தில் இங்கே அவர் நிற்கிறார்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இவ்விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்தது. பெயரும் விவரமும் பதிவேட்டில் ஏறாத எவரையும் வேலை செய்ய விடக் கூடாது என்று அதன் 62-ஆம் பிரிவு சொல்லியது. ஆனால் சட்டம் எழுதியவர்களுக்கு ஏடுகளின் குணம் தெரிந்திருந்தது போலும். வேலை நடக்கும் நேரத்தில் ஆலைக்குள் காணப்படும் ஒருவரை, மாறாக நிரூபிக்கப்படும்வரை, அங்கே வேலை செய்பவராகவே கருத வேண்டும் என்று 103-ஆம் பிரிவில் எழுதி வைத்தனர். ஏடு பொய் சொன்னாலும் உடல் சாட்சி சொல்லும் என்பது அதன் பொருள். ஏட்டில் பெயர் இல்லாத தொழிலாளியின் குடும்பத்துக்கு இப்பிரிவு ஒரு பிடிமானமாக இருந்தது. உடலே அடையாளம் தெரியாமல் போகிற தொழிலில் அந்தப் பிடிமானமும் நழுவக்கூடியது.

1991 ஜூலையில் மீனம்பட்டியில் நேர்ந்த விபத்தை நினைவுகூர்வோர் இன்னும் உள்ளனர். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் குறித்து உச்சநீதிமன்றத்தில் நடந்த எம். சி. மேத்தா வழக்கில் அதுவும் பேசப்பட்டது. இறந்தவர் 39 பேர் என்று மாநில அரசு தெரிவித்ததாக 1996 டிசம்பர் 10-ல் வந்த தீர்ப்பு பதிவு செய்கிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெடிச்சத்தம் கேட்டுப் பார்க்கவும் உதவவும் ஓடிய அக்கம்பக்கத்து ஊரார் பலர் அவர்களில் இருந்தனர். எந்த ஏட்டிலும் இருந்திருக்க முடியாத பெயர்கள் அவை. அத்தகையோரை எந்த அடைவும் முன்கூட்டி அறியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அன்று காலை ஆலை வேனில் வந்திறங்கியவர்கள் யார் யார் என்பதற்கு நொடியில் விடை கிடைத்தால்தான், மீட்க வந்தவர் எத்தனை பேரைத் தேடுவது என்றும் எப்போது தேடுவதை நிறுத்துவது என்றும் முடிவு செய்ய முடியும்.

எனவே நாங்கள் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. நகர அலுவலகத்தில் கணினி தொடும் பதினைந்து பேருக்கு இருக்கும் அடைவை, ஆலையில் மருந்து தொடும் ஒவ்வொருவருக்கும் விரிக்க வேண்டும். அவர்கள் கணினியில் நுழையப் போவதில்லை. அடைவில் ஒருவர் இருப்பதற்கு அவர் கணினி தொடுபவராக இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. பெயர், புகைப்படம், எந்த அறை, எந்த வேலை, பீஸ் ரேட்டா மாதச் சம்பளமா, அவசரத்துக்கு யாரை அழைப்பது. இவ்வளவு போதும். அபாயப் பகுதிக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. ஆகவே அன்றாட வருகையை ஆலை வாயிலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இதனால் கிடைக்கும் நன்மைகளில் இரண்டைச் சொன்னால் போதுமானது. காகித ஏடு ஆலையோடு சேர்ந்து எரியலாம். அடைவு, தன் படியை வேறொரு வழங்கிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பத்துக் கிலோமீட்டர் தள்ளி சிவகாசியில் அது பத்திரமாக இருக்கும். மேலும், ஒரு பெயர் என்று, எத்தனை மணிக்கு ஏட்டில் ஏறியது என்பதை ஆக்டிவ் டைரக்டரி தானே எழுதிக்கொள்கிறது. பின்னால் வந்து சௌகரியமாகத் தேதி மாற்றி எழுத அங்கே வழியில்லை. விபத்துக்கு மறுநாள் ஏறிய பெயரை அது விபத்துக்கு மறுநாள் ஏறிய பெயராகவே காட்டும்.

செலவாகும் என்பார்கள். சாம்பாவுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பழைய கணினி ஒன்றும், தெரிந்த இளைஞர் ஒருவரும் போதும். அப்படிப்பட்ட இளைஞர்களை விருதுநகர் மாவட்டப் பொறியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் உருவாக்கிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. உண்மையான தடை செலவன்று. ஒரு பெயருக்கு ஓர் ஆள் என்று ஏடு துல்லியமானால், ஓர் உரிமத்தின் நிழலில் பலர் தொழில் நடத்துவது முடியாமல் போகும். இது தெரிந்தவர்கள் செலவைக் காரணமாகச் சொல்வார்கள்.

இறந்தவரை அடைவு எப்படி நடத்துகிறது என்பதையும் சொல்ல விரும்புகிறோம். ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்கை அழித்தால் அது உடனே மறைவதில்லை. கல்லறைக் கல் என்றே மைக்ரோசாஃப்ட் பெயரிட்டிருக்கும் ஒரு நிலையில் அது சில காலம் இருக்கும். முதலில் 60 நாள், 2005-க்குப் பின் நிறுவப்பட்டவற்றில் பொதுவாக 180 நாள். இவர் இனி இல்லை என்ற செய்தி எல்லா வழங்கிகளுக்கும் போய்ச் சேருவதற்கான அவகாசம் அது. அந்தக் காலம் முழுவதும் தொடர்பற்றுக் கிடந்த ஒரு வழங்கியைப் பிறகு இணைத்தால், செய்தி அறியாத அதனிடத்தில் இறந்தவர்கள் இன்னும் உயிரோடிருப்பார்கள். அழித்த பெயரை அதே எழுத்துகளில் மறுபடி உண்டாக்கினாலும் பழைய உரிமைகள் திரும்பி வாரா. உள்ளே ஒவ்வோர் ஆளுக்கும் இருக்கும் அடையாள எண் வேறொருவருக்கு மறுபடி வழங்கப்படுவதே இல்லை. ஆகவே நல்ல நிர்வாகிகள், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே முடக்குவார்கள்; உடனே அழிக்க மாட்டார்கள். போனவர் பெயரில் இன்னொருவர் உள்ளே வர முடியாது; அவர் இருந்தார் என்ற பதிவும் அழியாது.

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். இந்த வேலையைச் செய்ய அந்த இடைவெளியே தோதான காலம். மஸ்டர் ரோலையும் அடைவையும் அருகருகே வைத்து, ஒருவர் பெயரை வாசிக்க மற்றவர் சரிபார்த்தால், இருநூறு பேர் உள்ள ஆலைக்கு இரண்டு நாள் ஆகும். ஒவ்வொருவரையும் அழைத்து, உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு எழுதினால் நான்கு நாள் ஆகலாம்.